சுருளியம்மாள் சிரித்த படம்

அத்தியாயம் பதினொன்று

குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ரோசி ஸ்டூடியோவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துத்தான் போன வாரம் அந்தக் குடும்பத்தை விட்டு வந்தோம். நாம் நினைத்தது தப்பு. பின்சி நினைத்ததும் தப்பு.

மறந்தவர்களுக்காகக் கொஞ்சம். அண்ணன் சிஜு, மனசம்மதம் என்கிற கோயில் நிச்சயதார்த்த வீடியோ இருந்த மெமரி கார்டை அடுத்த வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அழித்துவிட்டான். கோயிலில் மோதிரம் மாற்றியது முதல் பந்தி வரை எல்லாம் போச்சு. பெண் வீட்டார் ஸ்டூடியோ வாசலில் வந்து பேசிய பேச்சை அப்பா சிலுவைராஜ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கோயம்புத்தூர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்த பின்சி அன்றைக்கே முடிவு செய்தாள், இனி இந்த ஸ்டூடியோவில் எதுவும் தொலையக்கூடாது என்று.

அப்படி வந்ததுதான் அந்த சர்வர். கம்பத்தில் ஒரு டுடோரியல் காலேஜை மூடியபோது கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு புது டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும், ஒன்று செத்தாலும் இன்னொன்று பிழைத்திருக்கும். அதை ஓட்டும் மென்பொருளுக்குக் காசே இல்லை. எந்தெந்த ஊரிலோ இருப்பவர்கள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்தது. பின்சி அதைப் பென் டிரைவில் இறக்கி ஒரே மத்தியானத்தில் ஏற்றிவிட்டாள். கடையில் விற்கும் கம்பெனிச் சாமான் டிஸ்க் இல்லாமலே இந்த விலைக்கு வராது.

"சும்மா குடுக்குறாகன்னா உள்ள என்னமோ இருக்கு" என்றான் சிஜு.

"நீ சம்பளம் வாங்கிட்டே கார்ட அழிச்ச. இது சும்மா இருந்து காப்பாத்தும்" என்றாள் பின்சி.

குமுளி மழைக்கு நெகட்டிவில் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக அப்பா நெகட்டிவ் அலமாரிக்குள் நாற்பது வருஷமாக ஒரு சின்ன பல்பை எரியவிட்டிருந்தார். பின்சி பல்பைக் கழற்றிவிட்டு, பின்பக்கத் தகட்டையும் அறுத்தெடுத்துவிட்டு, அலமாரியின் கீழ்த்தட்டில் சர்வரை வைத்தாள். அதன் சூடே நெகட்டிவ்களுக்குப் போதுமாக இருந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து அப்பாவின் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாள். எஸ்டேட், கல்யாணம், அடக்கம், வீடு என்று நான்கு ஃபோல்டர். கடைசி நெகட்டிவ் ஏறிய அன்று மூன்று பேரும் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டதோடு போன வாரக் கதை முடிந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் பின்சி யாரிடமும் சொல்லவில்லை. சிஜுவின் பெயருக்கு அவனுடைய கல்யாண வேலைகள் மட்டும் திறக்கும்படி வைத்திருந்தாள். பழைய படங்கள் எதுவும் அவனுக்குத் திறக்காது. யார், எந்த மேசையிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் படத்தை எடுத்தார்கள் என்று சர்வர் தானாகக் குறித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்திருந்தாள். அதுவும் சிஜுவை மனதில் வைத்துத்தான்.

அப்பாவுக்கு எல்லாம் திறந்திருந்தது. அவர் பாஸ்வேர்டு அடித்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எடுத்த படத்தைப் பார்க்க அவருக்கு மகள் அனுமதி கொடுப்பதா என்ன.

வியாழக்கிழமை. கல்லறைத் திருநாளுக்கு மூன்றே நாள். இந்த வாரம் முழுக்க ஸ்டூடியோவில் ஒரே வேலைதான். செத்தவரைச் சவப்பெட்டியில் கிடத்தி, குடும்பமே சுற்றி நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கக் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம். திருநாள் நெருங்கினால் அந்தப் படத்துக்குப் புது பிரதி கேட்டு எஸ்டேட்களிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும். பின்சி காலையிலிருந்து அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே சாரல் நிற்கவில்லை.

பத்தரை மணிக்கு முருகேஸ்வரி வந்தாள். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள், இப்போது புதிதாகக் கட்டியிருக்கும் ரிசார்ட்டில் துப்புரவு வேலை. குடையை மடக்கி வாசலிலேயே சாத்தினாள்.

"அண்ணே இல்லையா பாப்பா?"

"அப்பா கல்லறைக்குப் போயிருக்காங்கக்கா, அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க. படம் எதும் வேணுமா?"

"படந்தேன்" என்று சொல்லி முருகேஸ்வரி போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

போனில் ஒரு சுவர். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். தேயிலைக் கூடையைத் தலையில் மாட்டிய ஒரு பெண், முன்பல் ஒன்று இல்லாத வாயை முழுக்கத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைக் கறை கூடத் தெரிந்தது.

பின்சிக்கு அந்தப் படம் தெரியும். ஸ்கேன் செய்தவளே அவள்தான்.

"சுருளியம்மா" என்றாள்.

"எங்கம்மாதேன். எங்க மாட்டிருக்காகன்னு தெரியுமா? எங்க ரிசார்ட்டு கீழ்த்தளத்துல, ஆம்பளைக கக்கூசுக்குத் திரும்புற சுவத்துல. நேத்துக் காலைல மாப்பு போட்டுக்கிட்டே போறேன், நிமிந்து பாத்தா எங்கம்மா நிக்கிது."

பின்சி போனைக் கையில் எடுத்தாள்.

"எங்கம்மா செத்துப் பதினாலு வருசம். வாயத் தெறந்து சிரிச்சு நா பாத்ததே கெடையாது பாப்பா. பல்லு போனதுல இருந்து கையால வாயப் பொத்திக்கிட்டுத்தேன் சிரிக்கும். வீட்டுல இருக்குற படத்துலயும் வாய மூடித்தேன் நிக்கிது. இப்படி ஒரு படம் உங்ககிட்ட இருந்துருக்கு. பெத்த பிள்ளைக்கு ஒருக்காக்கூடக் காட்டல. எவனோ ஒண்ணுக்குப் போறவனுக்குக் காட்டிருக்கீக."

"நாங்க குடுக்கலக்கா. சத்தியமா."

"அப்ப அது தானா நடந்து போயிருச்சா?"

முருகேஸ்வரி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பின்சிக்கு லேசாக இருந்திருக்கும்.

"ரெண்டு மணிக்கு எனக்கு டூட்டி. அண்ணே வந்தா கேட்டு வையி" என்று சொல்லி, சுவர்ப் படத்தைப் பின்சியின் போனுக்கு அனுப்பிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

பின்சி அலமாரியைத் திறந்து 1987 என்று எழுதிய டப்பாவைத் தேடினாள். நெகட்டிவ் உறை இருந்தது. அதன்மேல் அப்பாவின் பென்சில் எழுத்து. சுருளியம்மாள், சம்பள நாள். அதற்குக் கீழே அடிக்கோடு போட்டு, யாருக்கும் காட்டக் கூடாது.

அந்தக் கதை பின்சிக்குத் தெரியும், அப்பாவே சொன்னதுதான். எஸ்டேட்டில் சம்பளம் போடும் நாளில் கேமராவோடு போய் நிற்பார். அன்று யாரோ சொன்ன கேலிக்குச் சுருளியம்மாள் சிரித்துவிட்டாள், இவர் கேமராவைத் தட்டிவிட்டார். உடனே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். 'இத யாருக்கும் காட்டிராதீகண்ணே, எம்பிள்ளைகளுக்குக்கூட. நா ஒழுங்கா நிக்கிறேன், வேற எடுங்க' என்றாளாம். வேறு எடுத்தார். அந்த வேறு படம்தான் முருகேஸ்வரி வீட்டில் இருக்கிறது.

உறையைக் கையில் பிடித்தபடி பின்சி சிஜுவுக்குப் போன் செய்தாள். சர்வரின் குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? போன மாதம் அதே ரிசார்ட்டுக்கு டிரோன் பறக்கவிட்டு விளம்பர வீடியோ எடுத்துக் கொடுத்தவன் சிஜு.

பன்னிரண்டரைக்கு சிஜு நனைந்துகொண்டு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பின்சி ஆரம்பித்துவிட்டாள்.

"எத்தன படம் குடுத்த?"

"என்ன படம்?"

"ரிசார்ட்டுக்கு. சுருளியம்மா படம் கக்கூஸ் சுவத்துல தொங்குது. முருகேஸ்வரியக்கா வந்து என் மூஞ்சில காறித் துப்பாத கொறதான். உனக்கு டிரோன் வேல குடுத்தாங்கன்னு அப்பாவோட நாப்பது வருசத்தத் தூக்கிக் குடுத்திட்டியா?"

சிஜு ஹெல்மெட்டை மெதுவாகக் கீழே வைத்தான். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்த நிதானம் பயமாக இருந்தது.

"எஸ்டேட் ஃபோல்டரு எனக்குத் தெறக்குமா பின்சி?"

பின்சி உறையை மேசைமேல் வைத்தாள்.

"தெறக்காது. ரெண்டு மாசம் முந்தி ஒருநா அம்மா படத்தப் பாக்கணும்னு வீடு ஃபோல்டரத் தட்டுனேன். அனுமதி இல்லன்னு வந்துச்சு. எங்கம்மாவப் பாக்க எனக்கு அனுமதி இல்ல. நீயா ஒருநா சொல்லுவன்னு இருந்தேன். நீ சொல்லவேயில்ல."

"நீ கார்ட அழிச்சதனாலதான்."

"அழிச்சேன். அதுக்கு அவங்க கால்ல விழாத கொறயா மன்னிப்புக் கேட்டேன். அதுக்காக என்னயக் கள்ளன்னு எழுதி வச்சிருவியா? உன் சர்வருதான் எல்லாத்தயும் குறிச்சு வைக்குதே. தெற, பாப்போம்."

பின்சி குறிப்பைத் திறந்து எஸ்டேட் ஃபோல்டர் என்று தேடினாள். வரிசை வரிசையாக வந்து விழுந்தது. செப்டம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு ஐந்து. எடிட்டிங் அறை கம்ப்யூட்டர். எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சிலுவை' என்று இருந்தது.

அது அவள் அப்பாவுக்கு வைத்த பெயர்.

"அன்னைக்கு நா மறையூர்ல கல்யாணத்துல இருந்தேன்" என்றான் சிஜு. அதைச் சொல்லிக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

பின்சிக்கு அந்த நாள் நினைவிருந்தது. சிலுவைத் திருநாள், அப்பாவின் பெயர் கொண்ட திருநாள். பூசை முடிந்து அவள் கோயில் விருந்துக்குப் பரிமாற நின்றுவிட்டாள். அப்பா மட்டும் கடையில் ஒரு வேலை இருக்கிறது என்று முன்னால் போனார்.

ஒன்றரை மணிக்கு சிலுவைராஜ் வந்தார். கை இரண்டிலும் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. அறுபத்தாறு வயதுக்கு நிமிர்ந்துதான் நடப்பார். பிள்ளைகள் இருவரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நிற்பதைப் பார்த்ததும் என்னவோ என்று நின்றார்.

பின்சி நெகட்டிவ் உறையை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் படித்தார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாட்டிட்டாகளா?" என்றார். குரலில் ஒரு நொடி சந்தோஷம் கூட இருந்தது. அதுதான் பின்சியைக் கொன்றது.

"கக்கூஸ் சுவத்துல மாட்டிருக்காங்கப்பா."

"இல்லயே. பெரிய ஹால்லன்னு சொன்னாக."

முருகேஸ்வரி அனுப்பிவிட்டுப் போன படத்தை சிஜு பின்சியின் போனில் பெரிதாக்கிக் காட்டினான். சட்டத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி. மலைப் பெண், பழைய காலம். சுருளியம்மாள் பெயரும் இல்லை, சிலுவைராஜ் பெயரும் இல்லை.

அவர் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சட்டத்தின் நான்கு மூலைகளையும் பார்த்தார். பெயர் எங்காவது சின்னதாக ஒளிந்திருக்குமோ என்று தேடுகிறார் என்பது இருவருக்கும் புரிந்தது.

"எர்ணாகுளத்துல இருந்து ரிசார்ட்ட அலங்கரிக்கிற இன்டீரியர் சார் ஒருத்தரு வந்தாரு" என்று ஆரம்பித்தார். "ஹால் முழுக்க என் படந்தான்னாரு. வாசல்ல பித்தளைத் தகட்டுல எம்பேர வெட்டி வைப்போம்னாரு. நாப்பது வருசமா எத்தன கல்யாணம், எத்தன சாவு எடுத்திருக்கேன். ஒரு படத்துக்குக் கீழயாவது எம்பேரு இருக்காம்மா?"

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"தெறப்பு விழாவுக்கு ரெண்டு பேரயும் கூட்டிட்டுப் போயி நிறுத்திக் காட்டணும்னு நெனச்சேன்."

வேறு நாளாக இருந்தால் பின்சி அழுதிருப்பாள். இன்றைக்கு அவளுக்குக் கோபம்தான் வந்தது. எட்டு மாதம் கண் எரிய உட்கார்ந்து, தூசு தட்டி, ஒவ்வொரு உறையிலும் அவர் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் பதிந்து வைத்தவள் அவள். யாருக்கும் காட்டக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான் பதிந்தாள். ஊரே கதவைத் தட்டினாலும் திறக்காதபடி கட்டிய வீட்டை உள்ளே இருந்தவரே திறந்துவிட்டிருந்தார்.

"சுருளியம்மாட்ட வாக்குக் குடுத்தீங்களேப்பா."

"அதுதாம்மா நா எடுத்ததுலயே நல்ல படம்" என்றார் சிலுவைராஜ்.

உண்மையும் அதுதான்.

சிஜு இதற்குள் திரையில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தான். சட்டென்று நிறுத்தினான்.

"அப்பா, எஸ்டேட் படம் மட்டுந்தான குடுத்தீங்க?"

"ஆமா. அதுலயும் நா பொறுக்கி வச்ச முப்பது படம்."

"ரெண்டே முக்கால் வரைக்கும் முப்பது படந்தான் இருக்கு. அதுக்கப்புறம் எஸ்டேட் முழுசும் போயிருக்கு. மூணேகாலுக்கு அடக்கம். நாலு மணிக்கு..." சிஜு தங்கையைப் பார்த்தான். "நாலு மணிக்கு வீடு."

அப்பா திரையை எட்டிப் பார்த்தார். "அது நா இல்ல."

"உங்க பேர்லதான்பா இருக்கு."

"படம் டிஸ்குல ஏற நேரமாகும்னாரு. திருநாளும் அதுவுமா வந்தவர வெறுங்கையா உக்கார வைக்க முடியுமா? சாயாவும் பழம்பொரியும் வாங்கப் போனேன். வழியில ஃபாதரப் பாத்து ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு நின்னேன். நா வந்து குடுத்த சாயாவ அவரு குடிச்சிட்டு, முடிஞ்சுது சார்னு எழுந்திரிச்சாரு."

கடைக்கு வந்தவருக்குச் சாயா வாங்கப் போவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைப் பூட்ட வேண்டும் என்று குமுளியில் எவருக்குத் தோன்றும்? பின்சி அப்பாவுக்குத் திறக்கக் கற்றுக்கொடுத்தாள். மூடக் கற்றுக்கொடுக்கவில்லை.

வீடு ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும். அம்மா ரோசியின் கடைசி மாதங்கள். மருந்தில் முடி முழுக்கக் கொட்டிய பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, 'இப்ப எடுங்க, ஒங்களுக்கு மட்டும்' என்று கணவரிடம் சொல்லி எடுத்துக்கொண்ட ஒரு படம். மூன்று வருஷமாக அது பிரிண்ட் ஆனதில்லை.

யாரும் சோறு எடுத்து வைக்கவில்லை. மூன்று மணிவாக்கில் சிலுவைராஜ் எழுந்து எடிட்டிங் அறைக்குள் போனார். முருகேஸ்வரிக்கு அந்தப் படத்தை நல்ல தாளில் ஒன்று போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். சற்று நேரத்தில் கதவருகே வந்து நின்றார்.

"பின்சி, தெறக்கமாட்டேங்குது. அனுமதி இல்லன்னு வருது."

"ஆமாப்பா. நாந்தான் மூடுனேன்."

"எனக்குமா?"

"உங்களுக்குந்தான்."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்புக் கை அதில் வெள்ளையாகப் பதிந்தது. தன் வாழ்க்கையிலேயே அப்பாவிடம் இப்படிப் பேசியதில்லை என்று பின்சிக்குத் தெரியும். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் சிஜுவின் பெயரைத் திறந்து, நான்கு ஃபோல்டருக்கும் அனுமதி கொடுத்தாள். சிஜு அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். நன்றி சொல்லவில்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

சுருளியம்மாளின் படத்தை அவளே பிரிண்ட் போட்டாள். தாள் வெளியே வந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. முருகேஸ்வரி.

"பாப்பா, நா டூட்டில இருக்கேன். சத்தமாப் பேச முடியாது." பின்னால் யாரோ ஆணி அடிக்கும் ஓசை. "இப்ப ஒரு வேன்ல புதுசா படக்கட்டு வந்து எறங்குச்சு. ஞாயித்துக்கிழம தெறப்பாம், இன்னைக்கே மாட்டணும்ங்குறாக. என்னையப் பிரிச்சுத் தொடைக்கச் சொன்னாக."

"சொல்லுங்கக்கா."

"மேல இருக்குற படம் ஒரு பொம்பள. தலையில முடி இல்ல. சிரிக்குது." முருகேஸ்வரி கொஞ்சம் தயங்கினாள். "ரோசியக்கா மாதிரி இருக்கு பாப்பா. அந்த அக்காதானா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கதவருகே நின்றவருக்கும் கேட்டது.

காலையில் அம்மா படத்துக்காகத் தன் முன்னால் வந்து நின்றவளிடம் இப்போது அதே காரணத்துக்காகத் தானே கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று பின்சிக்குப் புரிந்தது.

"எங்கம்மாதான்க்கா. அத மாட்ட விட்றாதீங்க. கையிலேயே வச்சிருங்க."

அந்தப் பக்கம் ஆணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முருகேஸ்வரி வேலையை நினைத்தாளோ, தன் அம்மாவை நினைத்தாளோ.

"கையில வச்சிருக்கேன்" என்றாள் கடைசியில். "எம்புட்டு நேரம்னு தெரியாது. வெரசா வாங்க."

சிஜு ஏற்கெனவே பைக் சாவியை எடுத்திருந்தான். பின்சி ஈரம் காயாத பிரிண்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வெளியே இறங்கினாள். திரும்பிப் பார்த்தபோது அப்பா கையைக்கூடக் கழுவாமல் ஆணியில் தொங்கிய நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.